கைரல் படிகத்தில் ஒலி: எதிரொலியை நம்பிக் கெட்ட கதை

போன வாரம் புதிதாக வந்த மாணவர் ஒருவர், "சார், காந்தப்புலத்தைத் திருப்பியும் ஒன்றுமே மாறல. படிகம் சரியில்ல போல" என்று முகம் தொங்கி நின்றார். போய்ப் பார்த்தேன். படிகத்தின் ஒரு முகத்தில் மட்டும் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பவும் வாங்கவும் ஒட்டும் சில்லு). பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. பசை விட்டது, கம்பி அறுந்தது எல்லாம் பட்டுத் தெரிந்துகொள்ளலாம். இது அப்படியல்ல, தவறு நடப்பதே தெரியாது. அப்படிப்பட்ட தவறுகள் இவை.

எதிரொலியில் தேடுவது

கைரல், அதாவது இடக்கை, வலக்கை என இரு வடிவில் வளரும் காந்தப் படிகங்களில், புலத்தின் திசையில் போகும் ஒலிக்கும் அதை எதிர்த்துப் போகும் ஒலிக்கும் வேகம் சற்றே வேறு. 2019-இல் நொமுரா என்ற ஆய்வாளரின் குழுவினர் காப்பர் ஆக்ஸிசெலினைட் என்ற அத்தகைய படிகத்தில் இதை அளந்து காட்டினார்கள். வித்தியாசம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான்.

ஒரே டிரான்ஸ்டியூசரில் அனுப்பி, மறுமுகத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அதிலேயே வாங்கினால், ஒலி போகையில் மிச்சம் பிடித்த நேரத்தைத் திரும்பி வருகையில் தொலைத்துவிடும். கூட்டினால் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை அளக்க நான் மூன்று முறை திரவ ஹீலியம் நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் பழி படிகத்தின் மேல்.

அப்புறம் மறுமுகத்திலும் ஒன்றை ஒட்டினேன். அங்கேயும் புத்தி வரவில்லை. பாதை நீண்டால் துல்லியம் கூடும் என்ற பழக்கத்தில், ஐந்து நடை நடந்து வந்த துடிப்பை எடுத்துக்கொண்டேன். நான்கு நடை ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சியது ஒரு நடையின் வித்தியாசம். அதை ஐந்து நடையின் நேரத்தால் வகுத்து, விளைவு ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதி வைத்தேன். அந்த நோட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை. நேராக முதலில் வந்து சேரும் துடிப்பைப் பாருங்கள்.

ஃபாரடே சுழற்சியோடு குழப்புவது

காந்தப்புலத்தில் ஒலி போகப் போக அதன் அதிர்வுத் திசை சுழல்வதுதான் ஃபாரடே சுழற்சி. 1962-இல் மாத்யூஸ், லெக்ரா என்ற ஆய்வாளர்கள் இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற காந்தப் படிகத்தில் கண்ட இந்தச் சுழற்சி, போய்வந்தால் இரட்டிக்கும். அங்கே எதிரொலி நல்ல நண்பன். குவார்ட்ஸில் புலமே இல்லாமல் நடக்கும் சுழற்சி, திரும்பும் வழியில் அவிழ்ந்துவிடும். நாம் தேடுவது சுழற்சியே அல்ல, வேக வித்தியாசம்.

ஒரு திசைப் புலத்தோடு நிறுத்துவது

புலம் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரேபோல் வரும் வேக மாற்றம் இதைவிட மிகப் பெரிது. இரு திசையிலும் எடுத்துக் கழித்தால்தான் அது போகும். இடையில் வெப்பநிலை நகர்ந்தால் அந்த நகர்வும் கழித்தலில் வந்து உட்காரும். காப்பர் ஆக்ஸிசெலினைட்டில் காந்த ஒழுங்கு தொடங்கும் 58 கெல்வினை ஒட்டி, இது படாத பாடு படுத்தும்.

புலத்தை ஒலிக்குக் குறுக்கே வைப்பது

பூஜ்யம்.

கை எது என்று பார்க்காதது

இடமும் வலமும் ஒட்டி வளர்ந்த படிகம் தனக்குள்ளேயே சமாதானம் ஆகிவிடும். எக்ஸ்ரேயில் பாருங்கள். முடிந்தால் மறுகைப் படிகத்திலும் அளவெடுங்கள். குறி திரும்பாவிட்டால் நீங்கள் அளந்தது வேறு எதையோ.

மாணவர் இப்போது மறுமுகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு முகமும் இணையாக வர இன்னும் ஒரு நாள் ஆகும்.