இறுகிப்போன சமையலறைக் குழாயை நீங்களே சரிசெய்யலாம்

அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. குழாயைத் திறக்க அவர் இரண்டு கையாலும் கைப்பிடியைத் தூக்குவதைப் பார்த்த அன்றுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். உங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குழாயும் அப்படி இருந்தால், தயவுசெய்து முரட்டுப் பலம் போடாதீர்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாய்க்குள் கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித்தான் தண்ணீரைத் திறந்து மூடுகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள கிரீஸ் நாளடைவில் போய்விட்டால் கைப்பிடி கனக்கும்.

முதலில் சிங்க்குக்கு அடியில் உள்ள வால்வை மூடுங்கள். அங்கே இல்லையென்றால் வாசலுக்கு வெளியே, தண்ணீர் மீட்டர் பக்கத்தில் பாருங்கள். அந்த மீட்டரில் இருப்பது உங்கள் வீட்டு எண்தானா என்று உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, சிங்க் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். குட்டித் திருகாணி உள்ளே விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

கைப்பிடியில் சிவப்பும் நீலமுமாக ஒரு சின்ன மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, உள்ளே உள்ள திருகாணியை ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) தளர்த்திக் கைப்பிடியைக் கழற்றுங்கள். இப்போது நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை ஆட்டிப் பாருங்கள். இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்டு லேசாக அசைந்தால் கோளாறு கைப்பிடியில் சேர்ந்த அழுக்குதான். வினிகரும் பழைய பல்துலக்கியும் போதும். தண்டே இறுக்கமாக இருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும்.

அதற்கு, வளைந்த மேல்மூடியைத் துணி சுற்றிக் கையால் திருகி எடுங்கள். கீழே உள்ள நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பினால் கார்ட்ரிட்ஜ் மேலே வந்துவிடும். 35 மி.மீ., 40 மி.மீ. என இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. அளவு ஒன்றாக இருந்தாலும் உயரமும் அடிக்கால்களும் மாறலாம். அதனால் பழையதையே புளோக்கடி ஹார்ட்வேர் கடைக்கோ, சையது ஆல்வி ரோடு முஸ்தபா பேரங்காடிக்கோ எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

புதுக் கார்ட்ரிட்ஜின் ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். அடிக்கால்கள் துளைகளில் சரியாக உட்கார்ந்ததும் நட்டை நிதானமாக முறுக்குங்கள். மிதமிஞ்சி முறுக்கினால் புதுக் கார்ட்ரிட்ஜும் இறுகும்.

வால்வை மெதுவாகத் திறந்து, நட்டைச் சுற்றி டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் நட்டை இன்னும் கால் சுற்று முறுக்குங்கள்.