மீட்கப்பட்ட குதிரைக்குத் தற்காலிக வீடு கொடுப்பது எப்படி?

ஊட்டி ஏரிக்கரையிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகள், மெரினா மணலில் ஓடும் குதிரைகள், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிறவை. கால் நொண்டினாலோ வயதானாலோ இவற்றில் பல தெருவுக்கு வந்துவிடுகின்றன. குப்பைத்தொட்டியில் மேய்ந்து, பிளாஸ்டிக்கோடு சோற்றையும் விழுங்கி, எலும்பும் தோலுமாகத்தான் மீட்பு அமைப்புகளிடம் வந்து சேர்கின்றன. அங்கே எப்போதும் இடப்பற்றாக்குறை. அதனால்தான் நாய், பூனைகளுக்குச் செய்வதுபோலக் குதிரைக்கும் ஃபாஸ்டர் தேவைப்படுகிறது: தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை சில மாதங்கள் வைத்துப் பார்த்துக்கொள்வது.

இந்தக் குதிரை இன்னொருவர் வீட்டுக்குப் போகப்போகிறது. முதல் நாளிலிருந்தே அந்த வீட்டை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும்.

1. குதிரை வருமுன் காகிதம்

அமைப்போடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். மருத்துவச் செலவு யாருடையது, தீவனச் செலவு யாருடையது, நள்ளிரவில் அறுவைச் சிகிச்சையோ கருணைக்கொலையோ தேவைப்பட்டால் முடிவெடுப்பவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சவாரிக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படுத்தக்கூடாது என்பதும் இருக்கட்டும். குதிரைக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரும் குளம்பு சீவத் தெரிந்தவரும் உங்கள் ஊரில் கிடைப்பார்களா என்று இப்போதே விசாரியுங்கள். இருவரும் கிடைக்காத ஊரென்றால் குதிரையை ஏற்காதீர்கள்.

2. இடம்

மட்டக்குதிரைக்குப் பத்தடிக்குப் பத்தடி, பெரிய குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி லாயம் போதும். அதோடு நடமாடத் திறந்தவெளி கட்டாயம். வேலியில் முள்கம்பி ஒரு அடிகூட இருக்கக்கூடாது. மிரண்ட குதிரை கம்பியைப் பார்க்காது, நேராகப் பாய்ந்து தோலைக் கிழித்துக்கொள்ளும். மணற்பாங்கான நிலமென்றால் தீவனத்தைத் தொட்டியில் போடுங்கள். தரையில் போட்டால் புல்லோடு போகும் மணல் குடலில் தங்கி வயிற்றுவலியைக் கொண்டுவரும். குதிரை கூட்டமாக வாழும் உயிர். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் கண்ணில் படும்படி ஒரு கழுதையோ ஆடோ இருந்தாலும் அதன் பதற்றம் குறையும்.

3. தனிமைப்படுத்தல்

குறைந்தது மூன்று, நான்கு வாரம் மற்ற விலங்குகளிடமிருந்து விலக்கி வையுங்கள். வாளி, தூரிகை, கயிறு எல்லாம் தனி. மூக்கில் கெட்டியான சளி, தோலில் உடைந்து சீழ் வடியும் கட்டிகள் தெரிந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது கிளாண்டர்ஸ் ஆக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றி உயிரைக் குடிக்கக்கூடிய பாக்டீரியா நோய். அறிகுறி இல்லாவிட்டாலும் கால்நடைப் பராமரிப்புத் துறை மருத்துவர் மூலம் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஹரியானா ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பரிசோதனை நடக்கிறது. கடி ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் நாளுக்கு நாள் இளைப்பதும் அதன் அடையாளம். துருப்பிடித்த ஆணியும் புண்ணுமாக வரும் குதிரைக்கு டெட்டனஸ் ஊசி அவசியம்.

பெண்குதிரையாக இருந்தால் சினையா என்று கேளுங்கள். சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். மெலிந்த உடம்பில் அது வெளியே தெரியாமலே இருக்கும்.

4. முதல் பத்து நாள் தீவனம்

புதியவர்கள் பாசத்தாலேயே குதிரையை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். விலா எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்ததும் வேகவைத்த கொள்ளை வாளி நிறையக் கொடுக்கத்தான் கை போகும். கொடுக்காதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்து திடீரென்று போனால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்பட்டு, சில நாட்களில் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். கொள்ளு, தானியம், வெல்லம், சோறு எதுவும் இப்போது வேண்டாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளை வைத்து ஆராய்ந்தபோது பொருத்தமாக அமைந்தது அல்ஃபால்ஃபா எனப்படும் குதிரைமசால் தீவனப்பயிரை உலர்த்தியதுதான். மாவுச்சத்து குறைவு, புரதமும் தாது உப்பும் அதிகம். முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் 450 கிராம், இரவிலும் அலாரம் வைத்து எழுந்து. அது ஒரு நடுத்தரக் குதிரைக்கான அளவு. மட்டக்குதிரைக்கு எடையைப் பார்த்து மருத்துவர் குறைத்துச் சொல்வார். நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, ஆறாம் நாள் வாக்கில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வாருங்கள். பத்து நாளுக்குப் பிறகு வயிறாரத் தின்ன விடலாம். நம் ஊரில் குதிரைமசால் கட்டுக்கட்டாகப் பச்சையாகத்தான் கிடைக்கும் என்பதால் வாங்கி நிழலில் உலர்த்துங்கள்.

அதன்பின் அருகம்புல் போன்ற நல்ல புல் அடிப்படை உணவாகட்டும். நேப்பியர் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பைப் பலவீனமாக்கும். தவிடும் அளவுக்கு மீறக்கூடாது. வைக்கோல் வயிற்றை அடைக்கும், சத்து தராது. தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். பெரிய குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும்.

குடற்புழு மருந்தைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். நிறையப் புழு ஒரே நேரத்தில் செத்தால் குடல் அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எப்போது, எந்த மருந்து என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

5. தினமும் பார்க்க வேண்டியவை

ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். லத்தியை எண்ணுங்கள், நன்றாகத் தின்னும் குதிரை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை போடும். தரையைக் காலால் பறிப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, லத்தி நிற்பது எல்லாம் வயிற்றுவலிக்கான அடையாளம். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எடையை அளவுநாடாவாலேயே கணக்கிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் தோராயமாகக் கிலோ வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. வாரம் ஒருமுறை இதையும் ஒரே கோணத்தில் எடுத்த படத்தையும் குறிப்பேட்டில் சேருங்கள். டான் ஹென்னெக் என்ற ஆய்வாளர் 1983-இல் வகுத்த, 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரையிலான உடல்நிலை அளவுகோலில் ஒன்று, இரண்டில் வரும் குதிரை ஐந்தைத் தொடப் பல மாதம் ஆகும்.

6. பழக்குவது

அடிபட்ட குதிரை கையை உயர்த்தினாலே மிரளும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது, அதனால் பக்கவாட்டில், பேசிக்கொண்டே தோளருகே வாருங்கள். நாலு காலையும் தூக்கக் கொடுப்பது, தலைக்கயிறு மாட்ட நிற்பது, இழுக்காமல் கூட நடப்பது, வண்டியில் ஏறுவது: இந்த நான்கும் வந்துவிட்டால் தத்துப் போவது எளிது. கால் தூக்கக் கொடுக்காத குதிரைக்கு ஆறெட்டு வாரத்துக்கு ஒருமுறை யார் குளம்பு சீவுவார்கள்? தினம் பத்து, பதினைந்து நிமிடம் போதும். அமைதியாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

7. புது வீடு

காயடிக்காத ஆண்குதிரையைத் தத்துக் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து; உடம்பு தேறியதும் மருத்துவரைக் கொண்டு காயடித்துவிடுங்கள். கேட்டு வருபவரின் இடத்தை நேரில் பாருங்கள். தீவனம் எங்கே வாங்குவார், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். "ஊர்வலத்துக்கு விடலாமா?" என்று கேட்பவருக்கு இல்லை என்று சொல்லத் தயங்க வேண்டாம். குதிரை கடிக்கும், நொண்டும், ஒரு கண் தெரியாது என்றால் அத்தனையையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து அனுப்பிய குதிரைதான் மறுபடி தெருவில் நிற்கும்.

கொடுக்கும் நாளில் குறிப்பேடு, ஊசி விவரம், பத்து நாளுக்கான பழைய தீவனம் மூன்றும் கூடப் போகட்டும். திடீர்த் தீவன மாற்றமும் வயிற்றுவலிதான். ஒத்துவராவிட்டால் அமைப்பிடமே திரும்பத் தர வேண்டும், விற்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். முதல் மாதத்தில் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். அடுத்த குதிரையை ஏற்குமுன் படுக்கையை அகற்றி, தொட்டிகளைக் கழுவி, லாயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துச் சில நாள் வெயில்பட விட்டுவிடுங்கள்.