ஓமந்தையும் புளியங்குளமும்: இணையச் சமநிலையைப் பின்தேசியக் கண்ணால் பார்க்கும்போது விடும் தவறுகள்

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்படும் வரை, வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள் இரண்டு இடங்களில் பொதியை அவிழ்த்தார்கள். ஓமந்தையில் இராணுவம் எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று பார்த்தது. புளியங்குளத்தில் புலிகளின் ஆயப்பகுதி எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று பார்த்தது. இணையச் சமநிலையை வன்னியில் விளக்குவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு சாவடி தடுத்தது, மற்றது பொருளுக்கேற்ப விலை வைத்தது. இணையத்தைச் சுமந்து வரும் நிறுவனம் இந்த இரண்டையும் செய்யக்கூடாது, பொதிக்குள் இருப்பது யாருடையது என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே அந்தக் கொள்கை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003இல் அதற்குப் பெயர் வைத்தார். தமிழில் சிலர் 'இணைய நடுநிலை' என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நடுநிலைக்காரர் என்றால் பிரச்சினை வரும்போது வாய் திறக்காதவர் என்று பொருள், ஆகவே நான் 'சமநிலை' என்றே எழுதுகிறேன்.

இதைப் பின்தேசிய நோக்கில், அதாவது உரிமையையும் ஆட்சியையும் ஒரு தேசத்தின் எல்லைக்குள் மட்டும் அடைத்துவிடாமல் யோசிக்கும் நோக்கில், பேசலாம் என்று ஒரு மாலை சனசமூக நிலையத்துக்குப் போயிருந்தேன். அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "தம்பி, எங்களுக்குத் தேசமே இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் தேசத்துக்குப் பிந்தியது எதற்கு?"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் எடுத்தது. கேள்வி நியாயமானது, ஆனால் முதல் தவறும் அதற்குள்தான் இருக்கிறது. பின்தேசியம் என்பதைத் தேசத்தைக் கைவிடச் சொல்லும் கட்சியாக நினைத்துவிடுகிறோம். இந்தச் சிந்தனையோடு அதிகம் பேசப்படும் ஜெர்மானிய மெய்யியலாளர் யூர்கன் ஹேபர்மாஸ் அரசுகளைக் கலைக்கச் சொல்லவில்லை, உலக அரசாங்கமும் கேட்கவில்லை. ஒரே இரத்தம், ஒரே மொழி என்பதைவிட, எல்லோருடைய உரிமையையும் காக்கும் அரசியலமைப்பின் மீதுள்ள பற்று குடிமக்களைச் சேர்த்து வைக்கலாம் என்றார். ஒரு நாட்டின் பாராளுமன்றத்துக்கு எட்டாத விடயங்களில் எல்லை கடந்தும் மக்களுக்குப் பதில் சொல்லும் அமைப்புகள் வேண்டும் என்றார். அவர் டேட்டா பொதிகளைப் பற்றிப் பேசியவர் அல்லர், அந்த முடிச்சு நான் போடுவது.

அந்த முடிச்சைப் போட வன்னியில் அதிகம் தேட வேண்டியதில்லை. தாய் தர்மபுரத்தில், மகன் கனடாவின் ஸ்காபரோவில், மகள் பாரிஸில். மூவரும் பேசும் ஒரு காணொளி அழைப்பு, கொழும்பிலோ கல்கிசையிலோ மாத்தறையிலோ கரையேறும் கடலடிக் கேபிள் ஒன்றின் வழியாக வந்து, மூன்று நாட்டுச் சட்டங்களுக்குக் கீழே நடக்கிறது. அந்தத் தாய்க்கு அழைப்பு தடையின்றி வரும் உரிமை எந்தக் கடவுச்சீட்டிலிருந்து வருகிறது? பின்தேசியவாதி இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்.

அடுத்த தவறு, இரண்டு சாவடிகளையும் ஒன்றாக்கிவிடுவது. 2007இல் தமிழ்நெட் செய்தித் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் ஊரடங்கின்போதும் சமூக ஊடகங்கள் நிறுத்தப்பட்டன. இணையச் சமநிலைச் சட்டம் இருந்திருந்தால் இவை நடந்திருக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சட்டங்கள் கட்டுவது பெரும்பாலும் நிறுவனங்களின் கையை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 இணையச் சமநிலை ஒழுங்குவிதியே, சட்டப்படியான அரச உத்தரவுக்குக் கீழ்ப்படிவதை விலக்காக வைத்திருக்கிறது. ஓமந்தைக்கு, அதாவது அரசு தடுப்பதற்கு, வேறு சட்டம் வேண்டும். இணையத்தை வேண்டுமென்றே துண்டிப்பதை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2016இல் கண்டித்தது, ஆனால் அந்தத் தீர்மானம் எந்த அரசையும் கட்டாது. 2022இல் தடை ஒரு நாளுக்குள் நீங்கியபோது அதைக் கேள்வி கேட்டவற்றுள் நாட்டின் சொந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவும் ஒன்று. எல்லை கடந்த அமைப்புகளின் மீது காதல் கொண்டவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனிப் புளியங்குளம், அதாவது நிறுவனம் பொருளுக்கேற்ப விலை வைப்பது. நான் அதிகம் வாதாட வேண்டியிருப்பது இங்கேதான். கைபேசிக்குப் பணம் நிரப்பும் ரீலோட் கடையில் சமூக ஊடகத்துக்கு மட்டும், காணொளிக்கு மட்டும் என்று டேட்டா பொதிகள் விற்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதை ஏன் குறை சொல்கிறாய் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பும் நாட்களை நினைத்துப் பாருங்கள். வான்கதவு திறந்துவிட்டார்கள், கண்டாவளைப் பக்கம் வெள்ளம் வருகிறது என்று ஒரு குரல்பதிவு வட்ஸ்அப்பில் வந்து விழும். பதிவு செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. உண்மையா என்று பார்க்க வளிமண்டலவியல் திணைக்களத்தின் பக்கத்தையோ ஒரு செய்தித் தளத்தையோ திறந்தால், சமூக ஊடகப் பொதி மட்டும் வைத்திருப்பவருக்கு அது திறக்காது. பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிலும் இதே கதைதான். பெறுபேற்றுத் தாளின் படம் கைக்குக் கை வரும், பரீட்சைத் திணைக்களத்தின் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். வதந்திக்கு வரி இல்லை, சரிபார்ப்பதற்கு வரி உண்டு. இந்த வரியை யார் போடலாம் என்று எங்களிடம் எவரும் கேட்டதில்லை.

இதே மாதிரியான ஒரு வழக்கு ஹங்கேரியில் நடந்தது. டெலிநோர் நிறுவனத்தின் பொதியில் டேட்டா முடிந்த பிறகும் சில செயலிகள் மட்டும் வழமைபோல ஓடின, மற்றவை தடுக்கப்பட்டன அல்லது மெதுவாக்கப்பட்டன. புடாபெஸ்ட் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 2020 செப்டெம்பரில் அங்கிருந்து வந்த தீர்ப்பு, அப்படிச் செய்வது ஒழுங்குவிதிக்கு முரண் என்றது. அடுத்த ஆண்டு, ஜெர்மனியில் சில செயலிகளைக் கணக்கில் சேர்க்காமல் விற்ற பொதிகளுக்கும் அதே நீதிமன்றம் அதே முடிவைச் சொன்னது. ஒரு நாட்டின் சாதாரண வாடிக்கையாளர், தன் நாட்டுக்கு வெளியே இருக்கும், ஆனால் தன் நாட்டையும் கட்டுப்படுத்தும் நீதிமன்றத்தால் காப்பாற்றப்படுகிறார். பின்தேசியவாதிகள் கனவாகப் பேசுவதற்கு நடைமுறையில் கிடைத்த மிக அருகான வடிவம் இது.

இதை வைத்து எல்லா இலவசமும் குற்றம் என்று சொல்வதும் தவறு. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் அரசின் ஈ-தக்சலாவ கல்வித் தளத்தை டேட்டா கழியாமல் பார்க்க முடிந்தது. அதை எதிர்த்து மேடை போட எனக்கு மனமில்லை. ஃபேஸ்புக்கின் இலவசத் திட்டத்தை மனதில் வைத்து 2016 பெப்ரவரியில் வேறுபட்ட டேட்டா விலைகளைத் தடைசெய்த இந்திய ஒழுங்குமுறை ஆணையமும் அவசரச் சேவைகளுக்கு விலக்கு அளித்தது. கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் பணம் கேட்பதிலும் சமநிலை கெடுவதில்லை. எந்தப் பக்கத்தைத் திறக்கிறாய் என்று பார்த்து விலை வைத்தால்தான் கெடுகிறது.

இளைஞர்கள் விடும் தவறு வேறு. தேசத்தைக் கடந்தது எல்லாம் பின்தேசியம் என்று எண்ணிவிடுகிறார்கள். அரசுகளே, எங்கள் வெளிக்குள் வராதீர்கள் என்ற தொனியில் அமெரிக்க இணைய உரிமை ஆர்வலர் ஜோன் பெரி பார்லோ 1996இல் டாவோஸிலிருந்து விட்ட பிரகடனம் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் அரசு விலகிய இடத்தில் நிறுவனம் வந்து உட்கார்ந்தது. செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியபோது, இனி வானத்துக்கு எல்லையில்லை என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அதுவும் கொழும்பில் உரிமம் பெற்றுத்தான் இயங்குகிறது, அதன் உரிமையாளரை நாங்கள் தெரிவு செய்யவுமில்லை. எங்கள் சொந்தக் கொடி பறந்த சாவடியிலும் வரி வாங்கினார்கள் என்பதை வன்னிக்காரர் மறக்கவில்லை. கொடியே இல்லாத சாவடி வாங்காமல் விடும் என்று ஏன் நம்ப வேண்டும்?

அமெரிக்க விவாதத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதையும் தவிர்க்கலாம். அங்கே 2015இல் இணையச் சமநிலை விதி வந்தது, 2017இல் நீக்கப்பட்டது, 2024இல் திரும்பியது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை மீண்டும் வீழ்த்தியது. ஒரு நாட்டுத் தேர்தலோடு உரிமையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடமாகலாம், எங்களுக்கு வழிகாட்டியாகாது. ஐரோப்பிய வழியும் இங்கே தயாராக இல்லை. எங்கள் வட்டாரத்தில் இருப்பது தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், அதன் கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தது.

கவரேஜ் இல்லாத காட்டோரக் கிராமங்களைப் பற்றியும் அன்று ஒருவர் கேட்டார். டவர் இல்லாதது வேறு பிரச்சினை, அதற்கு வேறொரு மாலை வேண்டும்.

முடிவில் அந்தப் பெரியவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். செய்தித் தளம் ஒன்று திறக்காமல் நின்றது, வட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்தது. "இதற்கு நான் எங்கே முறைப்பாடு கொடுப்பது, லக்சம்பர்க்கிலா?" என்றார். நான் தாளில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கொழும்பு முகவரியை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரீலோட் கடை பூட்டுவதற்கு முன் போக வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார்.