பசங்களுக்கு கிரிக்கெட் ஹெல்மெட் வாங்கப் போறீங்களா, இதப் பாத்துட்டுப் போங்க

மொதல்ல உள்ள பிஎஸ் 7928:2013னு (கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கான பிரிட்டிஷ் தர அளவுகோல்) ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, அதுலயே பெரியவங்க பந்துக்கா ஜூனியர் பந்துக்கான்னும் போட்டிருக்கும், ஜூனியர் பந்து சின்னது, மூஞ்சிக்கு முன்னாடி இருக்கிற கம்பி கிரில் இடுக்குல நுழைஞ்சிடும், அதனால பையன் ஆடுற பந்துக்கு டெஸ்ட் பண்ணதா இருக்கணும்.

மாட்டிவிட்டு ஸ்ட்ராப் போட்டு தலைய நல்லா ஆட்டச் சொல்லுங்க. ஹெல்மெட் மட்டும் தனியா சுத்துச்சுன்னா சைஸ் பெருசு. "வளர்ற புள்ள, கொஞ்சம் லூசா இருக்கட்டும்"னு தயவுசெஞ்சு வாங்காதீங்க.

வெளி ஓடு அடிய பரவலா வாங்கிக்கும், உள்ள இருக்கிற ஃபோம் நசுங்கி அந்த வேகத்த குறைக்கும். ஆனா மண்டைக்குள்ள மூளை குலுங்குறத எந்த ஹெல்மெட்டும் முழுசா தடுக்காது, 2019 லார்ட்ஸ் டெஸ்ட்ல இங்கிலாந்து பவுலர் ஆர்ச்சர் போட்ட பந்து ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித் கழுத்துல பட்டு, ஹெல்மெட் போட்டிருந்தும் கன்கஷன் (மூளை அதிர்ச்சி) ஆகி அடுத்த டெஸ்ட்டே ஆட முடியல.

பின்கழுத்த மூடுற நெக் கார்டும் சேத்தே வாங்குங்க. 2014ல ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸுக்கு பந்து பட்டது ஹெல்மெட் மூடாத கழுத்துப் பகுதியிலதான், ரெண்டு நாள்ல போயிட்டாரு, இன்னும் மனசு ஆறல.

பலமா அடி வாங்கின ஹெல்மெட்ட மாத்திடுங்க, வெளிய கீறல் இல்லன்னாலும் உள்ள ஃபோம் நசுங்கியிருக்கும். அடிபட்ட பையனுக்கு தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுல தடுமாற்றம் எது இருந்தாலும் அன்னைக்கு ஆட்டம் அதோட சரி, நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.