மலிவு விலைக் கத்தி பிளாங்க் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கத்தி செய்யப் பழகுகிறவர்கள் முதலில் வாங்குவது பிளாங்க். வடிவம் மட்டும் வெட்டி, பிடி போடாமல் வரும் அலகு அது. மதுரைப் பக்கம் புதிதாக இறங்குகிறவர்களும் எல்லோரும் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுவோம்.

பதம் ஏறியதா என்று பார்க்காமல் பிடி போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. ‘ஹை கார்பன் ஸ்டீல்’ என்ற வார்த்தை இது என்ன உலோகம் என்பதை மட்டுமே சொல்கிறது. சூடேற்றி, எண்ணெயில் முக்கி, கடினமாக்கிய அலகா, அதாவது பதம் ஏறியதா என்பதற்கு அதில் பதில் இல்லை. பசை வைத்து, ரிவிட் அடித்து, மெருகேற்றி முடித்து, தக்காளித் தோலில் கத்தி வழுக்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது பதம் போட வழியில்லை. 800 டிகிரி செல்சியஸ் சூட்டை மரமும் தாங்காது, பசையும் தாங்காது. பிடியை உடைத்தே ஆக வேண்டும்.

பார்சல் வந்ததும் ஒரு நல்ல அரத்தை எடுங்கள். பிடிக்குள் போகும் வால் பகுதியில் உரசாதீர்கள். அது மென்மையாக இருப்பது தவறல்ல. வெட்டுவாயின் அடிப்பகுதியில், பிடி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உரசுங்கள். முதல் இரண்டு இழுப்பை நம்ப வேண்டாம். சூளையில் மேல்தோல் கார்பனை இழந்து மென்மையாகியிருக்கலாம். அதற்குப் பிறகும் அரம் கடித்தால் அலகு பதம் ஏறாதது. கண்ணாடியில் போல வழுக்கினால் ஏறியது.

பதம் ஏறாததாக இருந்தால், என்ன ஸ்டீல் என்று விற்றவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். கார்பன் 0.2 சதவீதத்துக்குள் இருக்கும் சாதா இரும்பு எந்த உலையிலும் கத்திக்கு வேண்டிய அளவு கடினமாகாது. இஎன்31 என்ற ஸ்டீல் வகை மாதிரி 1 சதவீதத்தை ஒட்டிய கார்பன் உள்ளதென்றால், பிடி போடுவதற்கு முன்பே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி, மானாமதுரை போகும் வழியில்தான் இருக்கிறது. என்ன ஸ்டீல் என்பதையும், தண்ணீரில் வேண்டாம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இஎன்31 தண்ணீரில் விரிசல் விடும். சூடேறும் அலகில் காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில். அதற்கு மேல் இன்னும் 50, 60 டிகிரி ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்க வேண்டும். ஆறியவுடனே 200 டிகிரி ஓவனில் வைத்து 2 மணி நேரம், இரண்டு முறை. இதை விட்டால் கீழே விழுந்த அலகு கண்ணாடி மாதிரி உடையும்.

ஸ்டெயின்லெஸ்

பதம் போட்டு வந்ததை மட்டும் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸுக்குப் பதம் போட 1000 டிகிரி நிலையாக நிற்க வேண்டும். கரி உலை போதாது.

தடித்த வெட்டுவாய்

மலிவு பிளாங்கில் வெட்டுவாய் 1.5 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கும். அதை மெலிதாக்க, பதம் ஏறிய அலகைச் சாணையில் அழுத்தித் தேய்த்தால் நீலம் பாயும். பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். கையுறை போடாத விரலால் பிடித்துத் தேயுங்கள். விரலுக்குச் சுட்டால் தண்ணீரில் முக்குங்கள்.

வளைவு

கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள்.

ரிவிட் துளை

ரிவிட்டுக்கு வாங்கும் கால் அங்குலக் கம்பி 6.35 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் துளையில் போகாது. பதம் ஏறிய தகட்டைச் சாதாரண டிரில் பிட் துளைக்காது, கார்பைடு பிட் வேண்டும். துளையை அளந்த பிறகு கம்பி வாங்குங்கள்.

ஈரம் காயாத கட்டை

கருவேலமோ வாகையோ, நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் பச்சைக் கட்டை சுருங்கி, அலகின் ஓரம் பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு உள்ளங்கையை அறுக்கும்.