தொழிற்சங்க நிர்வாகிகளும் பகுதிப் பிரதிநிதிகளும் செய்ய வேண்டிய பணிகள்: நெல்லைச் சீமைத் தோழர்களுக்கு ஒரு வழிகாட்டி

விக்கிரமசிங்கபுரத்து நூற்பாலையிலோ, தாழையூத்துச் சிமென்ட் ஆலையிலோ, கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்கூடம் ஒன்றிலோ, முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரத்துப் பீடித் தொழிலாளர்களிடையிலோ சங்கப் பொறுப்புக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் கடமைகளைச் சங்கத்தின் விதிமுறைப் புத்தகம் ஓரளவு சொல்லிவிடும். ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும், ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு தெருவிலும் சங்கத்தின் சார்பில் நிற்கிற பகுதிப் பிரதிநிதி என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் முழுமையாகச் சொல்வதில்லை. ஒரு சங்கத்தின் பலத்தை அறிய வேண்டுமானால் அதன் பகுதிப் பிரதிநிதி கையிலுள்ள குறிப்பேட்டைப் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

குறையைக் கேட்பதும் எழுதுவதும்

"அண்ணாச்சி, இந்த மாசமும் எனக்கு ஓ.டி. சரியா போடல" என்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒருவர் வந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே நின்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவதும், உடனே சூப்பர்வைசரிடம் போய்ச் சண்டை பிடிப்பதும் ஒரே அளவுக்குத் தவறு. மேஸ்திரியின் காதுக்கு எட்டாத இடத்தில் அவரை உட்கார வைத்து, எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த மெஷின், அடுத்த ஷிப்டில் வர வேண்டிய ஆள் வராததால் எத்தனை மணி நேரம் கூடுதலாக நிறுத்தப்பட்டார், நிற்கச் சொன்னவர் யார், அதைப் பார்த்தவர்கள் யார், சம்பளச் சீட்டில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பின் அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். விடுபட்ட பணம் வந்தால் போதுமா, இனி இப்படி நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறாரா என்பதைப் பொறுத்து நாம் வைக்கும் கோரிக்கையே மாறிவிடும். சட்டப்படியான வேலை நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பதை அறிந்த பிரதிநிதி, சம்பளச் சீட்டில் ஒற்றைக் கூலி போடப்பட்டிருப்பதைக் கண்டவுடன் வேறொரு கேள்வியையும் எழுப்புவார்: இது இவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததா, இந்தப் பிரிவு முழுவதுக்குமா? பத்துப் பேருடைய சீட்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தனி ஒருவரின் முறையீடாக வந்தது பொதுக்கோரிக்கையாக எழுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எல்லாக் குறையும் சட்டப்படியான குறையாக இருக்காது. பக்கத்து மெஷின்காரரோடு ஏற்பட்ட மனத்தாங்கலைச் சங்கத்தின் கடிதத் தாளில் ஏற்ற முடியாது. ஆனாலும் அதைக் காது கொடுத்துக் கேட்டு, இது நிர்வாகத்திடம் கொண்டுபோகிற விஷயம் இல்லை என்பதைப் பக்குவமாகச் சொல்லும் கடமை பிரதிநிதிக்கு உண்டு. சட்டம், நிலையாணை (ஆலையின் வேலை, ஒழுங்கு விதிகளின் தொகுப்பு), கையெழுத்தான ஒப்பந்தம், நெடுநாள் வழக்கம் ஆகிய நான்கில் எது மீறப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் குறையின் தன்மை தெளிவாகிவிடும். இதற்காகவே நிலையாணையின் தமிழ்ப் பிரதியும், கடைசியாகப் போடப்பட்ட ஒப்பந்தத்தின் நகலும் ஒவ்வொரு பிரதிநிதியிடமும் இருக்க வேண்டும். செயலாளரின் பீரோவில் பூட்டிக் கிடக்கிற ஒப்பந்தத்தால் ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷினில் நிற்கிற தொழிலாளிக்கு ஒரு பயனும் இல்லை.

முதலில் சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகப் பேசுவதில் தவறில்லை. பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராதபோது எழுத்து மூலம் கொடுத்து, நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் உண்டு. மொத்த உறுப்பினர்கள் பத்துப் பேரைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் தர வேண்டும். குறை எழுந்த ஓராண்டுக்குள் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதும், குழு 30 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பதும், முடிவில் திருப்தி இல்லையென்றால் 60 நாட்களுக்குள் சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரை (தொழில் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அரசு அதிகாரியை) அணுகலாம் என்பதும் பிரதிநிதிக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியவை. கெடு தவறியதால் கைவிட்டுப்போன நியாயமான கோரிக்கைகள் நம் வட்டாரத்தில் ஏராளம். அதோடு, மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறை சொன்னவரிடம் வாரம் ஒருமுறையாவது போய்ச் சொல்ல வேண்டும். "சங்கத்தில் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் நடந்ததைச் சொல்லாமல் விடுவதால் வருகிறது.

வீட்டில் இருந்து பீடி சுற்றும் பெண்களுக்கு இதே வேலை வேறு வடிவில் இருக்கும். அங்கே சூப்பர்வைசர் இல்லை; இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை எண்ணி வாங்குகிற கடைக்காரர் இருக்கிறார். இலை எடை குறைவாகத் தரப்பட்டதா, நல்ல பீடியைக் கழிவு என்று தள்ளினார்களா, எத்தனை ஆயிரம் பீடி கொடுத்தார் என்ற கணக்கு பாஸ் புத்தகத்தில் அன்றன்றைக்கே ஏறியதா என்பதே இங்கு எழும் வழக்கு. ஆகவே கணக்குக் கொடுக்கிற நாளில் பிரதிநிதி கடை வாசலில் இருப்பது நல்லது. பாஸ் புத்தகத்தில் ஏறாத பீடிக்கு வருங்கால வைப்பு நிதியும் ஏறாது. 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தந்த பாதுகாப்பும் அந்தப் புத்தகத்தில் உள்ள பதிவைப் பிடித்துக்கொண்டே வந்தது. ஆதாரில் ஒரு பெயரும் வைப்பு நிதிக் கணக்கில் வேறொரு பெயரும், பிறந்த ஆண்டு இரண்டிலும் வேறு வேறாகவும் இருப்பதால் வயதான காலத்தில் பணம் எடுக்க முடியாமல் அலைகிற அக்காமார் பலர். அவர்கள் வேலையில் இருக்கும்போதே தெருத் தெருவாகப் போய் இந்தப் பெயர்களைச் சரிபார்த்துத் திருத்தித் தருவதைவிடப் பெரிய சங்கப் பணி ஒரு பீடித் தொழிலாளர் பிரதிநிதிக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்தாண்டுச் சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம் கிடைக்கும் என்பதால் விடுபட்ட ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு இழப்புதான்.

உள்விசாரணையில் உடனிருப்பது

ஒரு தொழிலாளிக்குச் சார்ஜ் ஷீட் வந்துவிட்டால் பிரதிநிதியின் பொறுப்பு இரு மடங்காகிறது. முதலில் அவரைப் பதற்றத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க விடக் கூடாது. வெற்றுத் தாளிலோ, படித்துப் புரிந்துகொள்ளாத தாளிலோ அவர் கையெழுத்துப் போடக் கூடாது. பதில் தரக் கொடுக்கப்பட்ட அவகாசம் போதாதென்றால் கூடுதல் அவகாசமும், குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். விசாரணை தொடங்கியபின் தொழிலாளிக்கு உதவியாகச் சங்கப் பிரதிநிதி உடனிருக்க நிலையாணைகள் பொதுவாக இடம் தருகின்றன. அந்த உரிமையை முதல் நாளே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நிர்வாகத் தரப்புச் சாட்சி சொல்வதைக் குறித்துக்கொண்டு, அவர் சம்பவத்தை நேரில் பார்த்தாரா, எங்கே நின்று பார்த்தார், அந்த நேரத்தில் அவருக்கு அங்கே வேலை இருந்ததா என்று குறுக்கு விசாரணை செய்வதற்கு வக்கீல் படிப்புத் தேவையில்லை. அந்த ஆலையின் நடைபாதையையும் வேலை முறையையும் அறிந்திருப்பதே போதும். நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்தபின்னரே கையெழுத்திட வேண்டும். கோபத்தில் விசாரணையைப் புறக்கணித்தால் ஒருதலையாக முடிவெடுக்க நாமே வழி விட்டதாகிவிடும். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதியும், தாமதம் அவரால் ஏற்படாதவரை அதன்பின் முக்கால் பங்கும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்பதை நினைவூட்டி வாங்கிக் கொடுப்பதும் சங்கத்தின் வேலைதான்.

குற்றம் உண்மையாகவே நடந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நடந்ததை மறைக்கச் சங்கம் துணை போகக் கூடாது. ஆயினும் முறையான விசாரணையும், குற்றத்துக்கு அளவான தண்டனையும் அவருக்கும் உரியவை. அந்த அளவுக்கு அவர் பக்கம் நிற்க வேண்டும்.

பெண் தொழிலாளி ஒருவர் பாலியல் தொல்லை பற்றிச் சொல்ல வந்தால் பிரதிநிதி பஞ்சாயத்துப் பேச முனையவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் கொடுக்க அவருக்கு உதவி செய்து, அவருடைய பெயர் டீக்கடைப் பேச்சாகாமல் காப்பது பிரதிநிதியின் கடமை. தொல்லை கொடுத்தவர் சங்க உறுப்பினராகவே இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

நிர்வாகிகளின் பொறுப்பு

செயலாளருக்குத் தீர்மானப் புத்தகமும், பொருளாளருக்கு ரசீதுப் புத்தகமும் உயிர் போன்றவை. சந்தா ஒரு ரூபாயானாலும் ரசீது வேண்டும். போனஸ் நேரத்தில் சங்க நிதிக்கென்று பிடிக்கிற தொகை பொதுக்குழுவில் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கில், இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு. கணக்குக் கேட்பவரை நிர்வாகத்தின் கைக்கூலி என்று ஏசுகிற பழக்கம் எங்கே தலைதூக்கினாலும் அதைப் பொதுக்குழுவிலேயே கண்டிக்க வேண்டும். பொது நிதியை எதற்குச் செலவழிக்கலாம் என்பதற்கு 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே வரம்பு வகுத்தது. அரசியல் செலவுக்குத் தனி நிதி வேண்டும், அதில் பணம் போட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அது சொன்னது. புதிய தொகுப்பும் அந்த நெறியைத் தொடர்கிறது.

அந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வந்தது என்பதை நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வென்றபோது, அவர்களைக் காக்கச் சங்கச் சட்டம் எதுவும் இல்லை. 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் மீது பின்னி ஆலை நிர்வாகம் நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கியதன் பின்னரே சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கு இன்று இருக்கிற பாதுகாப்பு இப்படிப் பாடுபட்டுப் பெற்றது. ஆண்டறிக்கை அனுப்பாமல் பதிவை ரத்தாக விடுகிற செயலாளர் அதை வீணடிக்கிறார்.

பேச்சுவார்த்தைக்குத் தனியாகப் போகக் கூடாது. குறைந்தது மூன்று பேராகப் போய், பேசியதை அன்றே எழுதி, வாயிற்கூட்டத்தில் அப்படியே சொல்லிவிட வேண்டும். வரைவைத் தொழிலாளர்களிடம் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சந்தேகத்தை விதைக்கும். நிர்வாகத்திடம் மகனுக்கு வேலையோ, கேன்டீன் ஒப்பந்தமோ, வேலைப் பளுவில் சலுகையோ கேட்கிறவர் அன்றைக்கே பதவியிலிருந்து விலகுவது நேர்மை.

நம் ஊரில் வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று சாதி. கமிட்டியில் இருப்பவர் அனைவரும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால் மற்றத் தெருக்காரர் குறை சொல்ல வர மாட்டார். தேர்தலின்போதே எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வருமாறு பார்ப்பதும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்திருப்பவர்களையும் அவர்கள் மொழி அறிந்த ஒருவர் மூலம் அணுகுவதும் தலைவரின் வேலை. ஒப்பந்ததாரர் கூலி தராமல் போனால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேறு ஆள் இல்லை.

வேலைநிறுத்தத்துக்கு இப்போது எல்லாத் தொழில்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். இவற்றை மறந்து அறிவிக்கிற நிர்வாகி, உறுப்பினர்களின் சம்பளத்தையும் வேலையையும் பணயம் வைக்கிறார். ஊர்வலம் என்றால் அனுமதி, பாதை, தொண்டர்கள், குடிநீர், கலைந்துபோகிற வழி ஆகியவற்றை முன்னதாகவே திட்டமிட வேண்டும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியபோது, தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. அந்த உயிர்களுக்குப் பொறுப்பு தடியெடுத்தவர்களுடையது. ஆனாலும் மக்களைத் தெருவுக்கு அழைக்கிறவர் அவர்களை வீடு சேர்ப்பதற்கான ஏற்பாட்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதை நெல்லையில் சங்கம் நடத்துகிற எவரும் மறக்கலாகாது.

பதவிக்காலம் முடிந்தால் தீர்மானப் புத்தகம், கணக்குப் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, ஒப்பந்த நகல்கள், நிலுவையிலுள்ள மனுக்களின் கோப்பு, வங்கிக் காசோலைப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவதால் புதிய கமிட்டி ஓராண்டை இழப்பதுண்டு. நிர்வாகிகள் மாறிய விவரத்தைப் பதிவாளருக்கும் வங்கிக்கும் நிர்வாகத்துக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவித்து, பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் (தகராறு நிலுவையில் இருக்கும்போது பழிவாங்கலிலிருந்து சட்டம் தனிப் பாதுகாப்புத் தரும் நிர்வாகிகள்) பட்டியலுக்குரிய புதிய பெயர்களையும் அத்துடன் அனுப்பிவிட வேண்டும்.