பழைய அமெரிக்க வானொலி நாடகங்களை வீட்டுக் கூடத்தில் கேட்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். தகரக் கூரை வேய்ந்த வீட்டில் அது பிடித்துக்கொண்டால் எதிரே இருப்பவர் பேசுவதே காதில் விழாது. தொலைக்காட்சி பரவுமுன் இருந்த அமெரிக்க வானொலியின் பொற்காலத்து நாடகங்களை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கேட்க விரும்புகிறவர்கள் முதலில் இந்த மழைக்குத்தான் வழி பார்க்க வேண்டும். நான் முதன்முறை மாலை நாலரை மணிக்கு ஆள் கூட்டினேன். நாடகத்தில் செவ்வாய்க் கிரகத்தார் நியூ ஜெர்சியில் இறங்கிக்கொண்டிருந்தபோது மழையும் இறங்கியது. வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவர்களும் செம்பனைக் குலை அறுக்கப் போகிறவர்களும் விடியுமுன் எழ வேண்டியவர்கள்.

அன்று நேரம் மட்டுமன்று, நாடகத் தேர்வும் பிழையாயிற்று. ஆர்சன் வெல்ஸ் குழுவினர் 1938 அக்டோபர் 30ஆம் நாள் சிபிஎஸ் வானொலியில் நடத்திய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' புகழ்பெற்றதுதான். ஆனால் அதன் பெரும்பகுதி நடன இசைக்கு நடுவே குறுக்கிடும் செய்தி அறிக்கைகளாக அமைந்திருப்பதால், ஆங்கிலச் செய்தி கேட்டுப் பழகாதவர்களுக்கு எது செய்தி, எது நடிப்பு என்ற விளையாட்டே புரிவதில்லை. அதை உண்மையென நம்பி நாடே பீதியில் தெருவுக்கு ஓடியது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியது மிகை என்பது பின்னாளைய ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தக் கதையைச் சொல்லி ஆள் சேர்க்காதீர்கள். எதிர்பார்ப்பு கூடி ஏமாற்றத்தில் முடியும்.

தொடங்குவதற்கு என் தேர்வு, 'சஸ்பென்ஸ்' தொடரில் 1943 மே 25ஆம் நாள் முதலில் ஒலிபரப்பான 'சாரி, ராங் நம்பர்'. லூசில் ஃபிளெட்சர் எழுதிய இந்த அரைமணி நேர நாடகத்தை ஆக்னஸ் மூர்ஹெட் தம் குரலாலேயே தாங்கி நடத்துகிறார். படுக்கையில் கிடக்கும் நோயாளிப் பெண் கணவனின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முயல்கிறாள். தடம் மாறிய இணைப்பில் இருவர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவது அவள் காதில் விழுகிறது. அதன்பின் நடப்பதெல்லாம் அவள் மறுபடி மறுபடி எண்ணைச் சுழற்றுவதும், தொலைபேசி நிலையத்துப் பெண்களிடமும் காவலரிடமும் மன்றாடுவதும்தான். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் அந்தக் குரல் சலிப்பிலிருந்து எரிச்சலுக்கும், எரிச்சலிலிருந்து நடுக்கத்துக்கும் ஏறுவது புரியும். ஒலிக்கவிடுமுன் இரண்டு நிமிடத்தில் கதையின் தொடக்கத்தைத் தமிழில் சொல்லிவிடுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் பாதி நாடகத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி, "அந்தப் பொம்பள ஃபோன வச்சிட்டு வெளிய ஓடலாம்ல?" என்று கேட்க, இருட்டிலிருந்து வேறொருவர், "நடக்க முடியாதுன்னு தம்பி அப்பவே சொன்னிச்சே, பாட்டி" என்றார். அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விளக்கை அணைத்துவிடுவது அவசியம். கைப்பேசித் திரையையும் கவிழ்த்து வையுங்கள்.

ஒலிப்பதிவைத் தேடுவது கடினமன்று. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே நாடகத்துக்குப் பல பிரதிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நிமிடம் கேட்டுப் பார்த்து, தெளிவானதை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒலித்தரம் திடீரென மாறினால் உங்கள் கருவியில் கோளாறென்று நினைக்க வேண்டாம். அக்காலத்தில் பதினாறு அங்குல இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். பக்கத்துக்குக் கால்மணி நேரமே கொள்ளும் என்பதால் அரைமணி நிகழ்ச்சிக்கு நடுவில் தட்டு மாறும். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தட்டின்மேல் அரக்குப் பூசிப் பதிந்ததும் உண்டு. அவை எத்தனை எளிதில் உடையும் என்பதை நினைத்தால், இத்தனை மிஞ்சியதே பெரிது. எல்லாம் ஒற்றைத்தட ஒலி என்பதால் ஒரே ஒலிபெருக்கி போதும். முன்பு வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்த உயரத்தில், சுவர் மூலையில் வைத்து, இரைச்சல் தெரிந்தால் உச்ச ஒலியை (ட்ரெபிள்) சற்றுக் குறையுங்கள்.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். 'மா பெர்கின்ஸ்' போன்ற பகல்நேரத் தொடர்களைச் சோப்பு நிறுவனங்கள் நடத்தியதால்தான் 'சோப் ஓபரா' என்ற பெயரே வந்தது. அதைச் சொன்னால் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் வீட்டார் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

நகைச்சுவையைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். கஞ்சனாக நடித்துப் பேர்பெற்ற ஜாக் பென்னியிடம் 1948 நிகழ்ச்சி ஒன்றில் ஒரு திருடன், பணமா உயிரா என்று கேட்பான்; பதிலே வராது. அவன் மறுபடி அதட்டியதும், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் வெடிப்பார். அந்த மௌனத்துக்குச் சிரிக்க வேண்டுமானால் ஆளின் கஞ்சத்தனம் முன்பே பழகியிருக்க வேண்டும். 'ஏமோஸ் அண்ட் ஆண்டி'யை நான் போடுவதில்லை. வெள்ளையர் இருவர் கறுப்பின மக்களின் பேச்சைப் போலி செய்த நிகழ்ச்சி அது; தோட்டத்தார் பேச்சைக் கேலி செய்யும் நாடகங்களைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் என் கூடத்தில் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் வந்தால் நாடகம் முடிந்ததும் ஒலிகளைச் செய்துகாட்டுங்கள். குதிரைக் குளம்படிக்குக் கொட்டாங்கச்சி இரண்டு; நெருப்புக்கு ரொட்டிப் பொட்டலத்தின் கண்ணாடித்தாளைக் கசக்கினால் போதும்; பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவைத் துணிப்பையில் கட்டி அமுக்குவார்கள். பனியையே பார்த்திராத எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்தப் பையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரத்துக்கு நான் வேறு மாவு வாங்க வேண்டியதாயிற்று.